எண்ணெய் கிடைத்துப் பதினைந்து வருடம்: ராக்ஹாப்பர் பங்கைப் பிரித்துப் பார்த்தால்

அலுவலகம் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில். எண்ணெய் இருப்பது ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக்கில் ஃபோக்லாந்து தீவுகளுக்கு வடக்கே, 450 மீட்டர் ஆழக் கடலுக்கு அடியில். 2004இல் தொடங்கி 2005இல் சின்ன கம்பெனிகளுக்கான லண்டனின் ஏஐஎம் பங்குச் சந்தையில் பட்டியலான ராக்ஹாப்பர் எக்ஸ்ப்ளோரேஷன், 2010 மே மாதம் சீ லயன் என்ற எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. 2025 முடிந்தபோதும் அந்த வயலிலிருந்து விற்பனைக்கு ஒரு பேரல்கூட வெளியே வந்திருக்கவில்லை. முதல் பேரலுக்கு இப்போது 2028ஐக் குறித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் எண்ணெய் தேடும் சின்ன கம்பெனிப் பங்கு என்பது என்ன மாதிரிச் சரக்கு என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏமாற்று வேலை கிடையாது, வெறும் பேச்சும் கிடையாது, எண்ணெய் உண்மையாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் உச்சத்தில் வாங்கியவர்கள் கதி என்ன ஆனது என்பதுதான் விஷயம். 2010 இலையுதிர்காலத்தில் ஐந்து பவுண்டைத் தொட்ட பங்கு அது. 2022இல் இதே கம்பெனி புதிய பங்குகளை 7 பென்ஸுக்கு (ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ்) விற்றுப் பணம் திரட்டியது.

நிலவியல் வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 1998இல் பெரிய கம்பெனிகள் சேர்ந்து வடக்கு ஃபோக்லாந்து படுகையில் ஆறு கிணறு தோண்டின. எண்ணெயின் தடயம் தெரிந்தது, லாபம் தரும் அளவு தெரியவில்லை. அந்த ஆண்டு எண்ணெய் விலையும் பாதாளத்தில் கிடந்தது. எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். ஷெல் விட்டுப்போன பரப்பை ராக்ஹாப்பர் எடுத்துக்கொண்டது. சின்ன கம்பெனிகளுக்குப் பொருத்தமான இடம் இதுதான். பெரியவர்கள் ஒருமுறை செலவழித்துவிட்டுப் போன இடத்தில் கிணற்றுப் பதிவுகள், பாறை மாதிரிகள், அதிர்வலை அனுப்பி எடுத்த பழைய சைஸ்மிக் வரிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். மூலப் பாறை எண்ணெய் உண்டாக்கியிருக்கிறதா என்ற முதல் கேள்விக்குப் பதில் தயார். மிச்சக் கேள்வி, அந்த எண்ணெய் எங்கே போய்த் தங்கியது என்பது மட்டும்.

அந்தப் பதில் இருந்தால் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒரு கிணறு வெற்றி பெற நான்கும் சேர்ந்து அமைய வேண்டும்: எண்ணெய் உண்டாக்கும் மூலப் பாறை, அதைத் தேக்கும் மணற்கல், எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு, மேலே கசிய விடாத மூடு பாறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு போட்டு, நான்கையும் பெருக்குவார்கள். 0.8 × 0.6 × 0.7 × 0.6 என்றால் 0.2, அதாவது ஐந்தில் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பெருக்கினால்தான் வண்டவாளம் தெரியும். யாருமே தோண்டாத புதுப் படுகையில் மூலப் பாறைக்கே 0.4 போட்டால் மொத்தம் பத்தில் ஒன்றாகச் சரிந்துவிடும். முதலீட்டாளருக்குக் காட்டும் படக்காட்சியில் ‘25 கோடி பேரல்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைக் கம்பெனியின் பங்கு வீதத்தால் பெருக்கி, பிறகு வாய்ப்பாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 35 சதவீதப் பங்கு, ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றால் அந்த 25 கோடி 1.75 கோடியாகச் சுருங்கும். பங்கின் விலையை இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும், முதல் எண்ணோடு கூடாது.

சொற்களிலும் மூன்று அடுக்கு உண்டு. இன்னும் தோண்டாத இடத்துக்கு ‘புரோஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்’. தோண்டிக் கண்டது, ஆனால் எடுக்கும் திட்டமோ பணமோ முடிவாகவில்லை என்றால் ‘கன்டிஞ்சென்ட் ரிசோர்ஸ்’. திட்டமும் முடிவாகி, லாபமாக எடுக்கலாம் என்று உறுதியானால் மட்டுமே ‘ரிசர்வ்’. சீ லயன் எண்ணெய் பத்தாண்டுக்கு மேல் நடு அடுக்கிலேயே உட்கார்ந்திருந்தது. பாறையில் குறை எதுவும் இல்லை, முடிவும் பணமும்தான் வரவில்லை. செய்திகளில் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் ‘எண்ணெய் இருப்பு’ என்று எழுதிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

கண்டுபிடிப்பு அறிவிப்பை எப்படி வாசிப்பது என்பதற்கும் இதே படுகையில் ஒரு பாடம் கிடைக்கிறது. 2010 தொடக்கத்தில் ஓஷன் கார்டியன் என்ற ரிக்கை (துளையிடும் மிதவை மேடை) ஸ்காட்லாந்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே ரிக், பல கம்பெனி, வரிசையாகக் கிணறு. இவ்வளவு தூரம் ரிக்கைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவைப் பகிர வேறு வழி இல்லை. அதில் டிசையர் பெட்ரோலியம் என்ற இன்னொரு சின்ன கம்பெனி, 2010 டிசம்பரில் ரேச்சல் நார்த் கிணற்றில் எண்ணெய் என்று அறிவித்தது. சில நாளில் மாதிரி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர். பங்கு விழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது? துளையிடும்போது மேலே வரும் பாறைத் துகளில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் அது ‘ஷோ’. அதற்கு அர்த்தம், எண்ணெய் அந்த வழியே ஒரு காலத்தில் போயிருக்கிறது என்பது மட்டும். அடுத்து கம்பியில் கருவிகளை இறக்கி லாகிங் செய்வார்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. அதனால் மின்தடை அதிகமாகத் தெரிந்தால் எண்ணெய் என்று கணிக்கிறார்கள். ஆனால் உப்புக் குறைந்த தண்ணீரும் கடத்தாது. களிமண் கலந்த மணற்கல்லும், எரிமலைத் துகள் கலந்த மணற்கல்லும் கணக்கைக் குழப்பும். அதனால் மூன்றாவது படி, கிணற்றுக்குள்ளேயே திரவ மாதிரியை உறிஞ்சி எடுத்து, வெவ்வேறு ஆழத்தில் அழுத்தத்தையும் அளப்பது. ஆழத்துக்கு ஆழம் அழுத்தம் கூடும் வேகத்திலிருந்து உள்ளே இருப்பது எண்ணெயா, வாயுவா, தண்ணீரா என்று சொல்லிவிடலாம். நான்காவது, ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ டெஸ்ட். அறிவிப்பு எந்தப் படியில் வந்தது என்று பாருங்கள். முதல் இரண்டு படியிலேயே வந்தால் வாங்காதீர்கள், காத்திருங்கள். ஏஐஎம் விதிப்படி இப்படிப்பட்ட அறிவிப்பைத் தகுதியுள்ள ஒரு நிபுணர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவர் கம்பெனி ஊழியராகவே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ராக்ஹாப்பர் இந்த விஷயத்தில் ஒழுங்காக நடந்துகொண்டது. சீ லயன் கிணறு சுமார் 2,700 மீட்டர் ஆழம். மே மாதம் லாகிங் முடிவைச் சொன்னார்கள், பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. செப்டம்பரில் ஃப்ளோ டெஸ்ட் செய்து நாளுக்கு 2,000 பேரல் அளவு என்றார்கள். ஒரு சின்ன கம்பெனிக்கு அருமையான எண். ஆனால் கவனித்துப் படித்தவர்களுக்கு அந்த அறிக்கையிலேயே அடுத்த பதினைந்து வருடக் கதை தெரிந்திருக்கும். எண்ணெயில் மெழுகு அதிகம்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கச்சா எண்ணெய் எல்லாம் ஒன்று கிடையாது. மெழுகு மிகுந்த எண்ணெய் பூமிக்குள் சூடாக இருக்கும்போது தண்ணீர்போல் ஓடும். மேலே ஏறி ஆறினால் நெய் உறைவதுபோல் உறையும். சீ லயன் சோதனையில் குழாய்க்குள் ஏறும்போதே ஆறியதால் ஓட்டம் மட்டுப்பட்டது. 2011இல் இன்னொரு கிணற்றில் வெற்றிடக் காப்பு போட்ட குழாயை இறக்கி, வெப்பத்தைத் தக்கவைத்துச் சோதித்தபோது நாளுக்கு 5,500 பேரலைத் தாண்டியது. அதே பாறை, அதே எண்ணெய், மாறியது குழாய் மட்டும். நல்ல பொறியியல்தான். ஆனால் இந்தச் சூட்டை வயல் முழுவதற்கும், இருபது வருடத்துக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம்.

கடலடியில் சில டிகிரி மட்டுமே உள்ள குளிரில் குழாய் போகிறது. காப்புறை போட்டால் ஓடும்வரை பிரச்சினை இல்லை. நின்றால்தான் வம்பு. மின்சாரம் போய் உற்பத்தி நின்றுவிட்டால், எண்ணெய் உறைவதற்கு முன் குழாயிலுள்ளதை டீசலோ சூடான வேறு திரவமோ கொண்டு தள்ளி வெளியேற்ற வேண்டும். அதற்கு இத்தனை மணி நேரம்தான் என்று கணக்கு உண்டு, தாண்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாறைக்குள் அழுத்தம் குறையாமலிருக்கத் தண்ணீர் செலுத்துவார்கள், அதையும் குளிராகச் செலுத்தினால் பாறைத் துளைகளுக்குள்ளேயே மெழுகு படியலாம் என்பதால் சூடாக்க வேண்டும். சேமிப்புத் தொட்டிக்குச் சூடு, ஏற்றிச் செல்லும் டேங்கருக்குச் சூட்டுச் சுருள். வாங்கும் சுத்திகரிப்பு ஆலையும் இதைக் கையாளத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எல்லாம் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. எல்லாம் உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே கட்ட வேண்டிய செலவு, அதுதான் சிக்கல்.

மெழுகு எண்ணெய் கண்ட வேறு இரண்டு இடங்களை வைத்துப் பார்த்தால் ராக்ஹாப்பர் எங்கே சறுக்கியது என்பது தெளிவாகும். எடின்பரோவின் கெய்ர்ன் எனர்ஜி, ராஜஸ்தான் பார்மர் பகுதியில் ஷெல் வெளியேறியபோது அதன் பங்கை 80 லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கி, 2004 ஜனவரியில் மங்களா வயலைக் கண்டது. அதே ஷெல், அதே கை கழுவல், அதே மெழுகு. ஆனால் மங்களா தரையில் இருந்தது. ரிக் வாடகை கடலோடு ஒப்பிட்டால் சொற்பம், எண்ணெய்க்கு ஏங்கும் நாடு சுற்றிலும் இருந்தது. 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக, வழிநெடுகச் சூடாக்கும் குழாய் போட்டுக் குஜராத் கடற்கரைவரை கொண்டுபோனார்கள். 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. கண்டதிலிருந்து ஐந்தரை வருடம். நடுவில் இந்தியக் கிளையைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டுப் பணமும் திரட்டியாயிற்று.

கென்யாவின் லோகிச்சார் இதற்கு நேர் எதிர். டல்லோ ஆயில், ஆப்பிரிக்கா ஆயில் கூட்டு 2012இல் அங்கே கண்டதும் மெழுகு எண்ணெய்தான். தரைதான். ஆனால் கடல் 800 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, குழாய் கிடையாது. சூடு காக்கும் தொட்டிகளை லாரியில் ஏற்றி மொம்பாசாவுக்கு அனுப்பி, 2019 ஆகஸ்டில் ஒரு கப்பல் ஏற்றுமதி செய்தார்கள். அதோடு சரி. 2023இல் கூட்டாளிகள் இருவர் விலகினார்கள். 2025இல் டல்லோவும் விற்றுவிட்டு வெளியேறியது.

சீ லயன் இந்த இரண்டுக்கும் நடுவில். கடல் என்பதால் கரைவரை நீளும் குழாய் தேவையில்லை, மிதக்கும் உற்பத்திக் கப்பலிலிருந்தே டேங்கரில் ஏற்றலாம். ஆனால் அந்தக் கப்பலையும் கடலடிக் கிணறுகளையும் நிறுவுவதற்கு நூறு கோடி டாலருக்கு மேல் வேண்டும். அவ்வளவு பணம் இல்லாத கம்பெனிக்கு அது எங்கிருந்து வரும்?

2012 ஜூலையில் பிரீமியர் ஆயில் என்ற கம்பெனி கூட்டாளியாக வந்தது. 60 சதவீதப் பங்கும், வயலை நடத்தும் ஆபரேட்டர் பொறுப்பும் பிரீமியருக்கு. பதிலுக்கு 23.1 கோடி டாலர் ரொக்கம், மேலும் தேடுவதில் ராக்ஹாப்பரின் பங்குச் செலவுக்கு 4.8 கோடி, வயலை உருவாக்குவதில் அதன் பங்குச் செலவுக்கு 72.2 கோடி வரை. கூட்டினால் நூறு கோடி டாலர். அன்றைய தலைப்புச் செய்திகள் அந்த நூறு கோடியைத்தான் எழுதின. ஆனால் கையில் வந்தது 23.1 கோடி. 72.2 கோடி என்பது ‘கேரி’: உன் பங்குச் செலவை நான் சுமக்கிறேன் என்ற வாக்கு. அது செலவு நடந்தால்தான் உயிர் பெறும், செலவு நடக்க இறுதி முதலீட்டு முடிவு (வயலைக் கட்டப் பணம் போடுகிறோம் என்ற கடைசி ஒப்புதல்) வேண்டும், அந்த முடிவை எடுப்பது ஆபரேட்டர். வாக்குக் கொடுத்தவரே, அது எப்போது அமலுக்கு வரும் என்பதையும் தீர்மானிக்கிறார்.

என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். முதலில் பெரிய நங்கூர மேடைத் திட்டம், பிறகு சின்னதாக மிதவைக் கப்பல் திட்டம் என்று வரைபடம் மாறிக்கொண்டே போனது. 2014 இறுதியில் எண்ணெய் விலை சரிந்தது. பிரீமியரின் சொந்தக் கடனே கழுத்தை நெரித்தது. 2021இல் பிரீமியர், கிரைசார் என்ற இன்னொரு கம்பெனியுடன் இணைந்து ஹார்பர் எனர்ஜி ஆனது, ஹார்பருக்குச் சீ லயனில் ஆர்வம் இல்லை. அந்த வளர்ச்சிச் செலவு வாக்கு காகிதத்திலேயே முடிந்தது.

கேரி ஒப்பந்தம் உள்ள எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி: உச்சவரம்பு எவ்வளவு, எந்த நிகழ்வுக்குப் பிறகு தொடங்குகிறது? உச்சவரம்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. கிணற்றுச் செலவு மதிப்பீடு 4 கோடி டாலர். வருகிறவர் 50 சதவீதப் பங்குக்கு 4 கோடியையும் கட்டுகிறார், உச்சவரம்பு 4 கோடி. துளைத்தண்டு சிக்கிக்கொண்டு பக்கவாட்டில் மறுபடி துளைக்க வேண்டி வந்தது, வானிலையால் ரிக் இரண்டு வாரம் சும்மா நின்றது, செலவு 5.2 கோடி ஆகிவிட்டது. மிச்ச 1.2 கோடியில் பாதி, 60 லட்சம் டாலர், சின்ன கம்பெனியின் தலையில். கையில் இருப்பது 50 லட்சம். கிணறு வெற்றியா தோல்வியா என்று தெரிவதற்கு முன்பே கம்பெனி அவசரமாகப் பங்கு விற்கப் போகும், அந்த விலையை நிர்ணயிப்பவர் வாங்குபவர்தான்.

எண்ணெய் கிடைத்தும் பணம் கிடைக்காமல் மொத்தமாகக் கைவிட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபார் லிமிடெட், செனகல் கடலில் 15 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2014இல் அங்கே எஸ்என்இ வயல் கிடைத்தது, பிற்பாடு சாங்கோமார் என்று பெயர் மாறிய வயல். 2016இல் கோனோகோ ஃபிலிப்ஸ் தன் 35 சதவீதத்தை வுட்சைடு என்ற கம்பெனிக்கு 35 கோடி டாலருக்கு விற்றது, அதாவது ஒரு சதவீதத்துக்கு ஒரு கோடி. 2020 ஜனவரியில் இறுதி முதலீட்டு முடிவும் வந்தாயிற்று. மார்ச்சில் கொரோனாவும் விலைச்சரிவும் சேர்ந்து கடன் கொடுக்க இருந்தவர்களை விரட்டிவிட்டன. தன் பங்குச் செலவைக் கட்ட முடியாமல் ஃபார் தவணை தவறியது. கடைசியில் 2021இல் அந்த 15 சதவீதம் 4.5 கோடி டாலருக்கும், நிபந்தனையோடு பின்னால் வரக்கூடிய 5.5 கோடிக்கும் வுட்சைடிடமே போனது. 2024 ஜூனில் சாங்கோமாரில் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

ராக்ஹாப்பர் தவணை தவறும் நிலைக்குப் போகவில்லை, காரணம் இறுதி முதலீட்டு முடிவே நெடுநாள் வராததால் கட்ட வேண்டிய தவணையும் வரவில்லை. தாமதம் ஒரு வகையில் அதைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். 2022 செப்டம்பரில் ஹார்பரின் இடத்துக்கு இஸ்ரேலின் நாவிடாஸ் பெட்ரோலியம் வந்தது: நாவிடாஸ் 65, ராக்ஹாப்பர் 35. இந்த ஒப்பந்தம் பழையதைவிட மேல். இறுதி முதலீட்டு முடிவுக்கு முன்பான செலவில் ராக்ஹாப்பர் பங்கின் பெரும்பகுதிக்கு 8 சதவீத வட்டியில் நாவிடாஸ் கடன் தருகிறது. முடிவுக்குப் பின், வெளிக்கடனில் அடங்காத பங்குச் செலவில் மூன்றில் இரண்டு பாகத்துக்கு வட்டியில்லாக் கடன். பிரீமியர் கொடுத்தது இனாம், நாவிடாஸ் கொடுப்பது கடன். பார்வைக்கு இது தாழ்வு. ஆனால் முந்தையது வந்து சேரவே இல்லை, இது முதல் நாளிலிருந்தே ஓடியது. கடன் என்பதால் முதல் எண்ணெய் வந்த பின்னும் சில காலம் ராக்ஹாப்பருக்கு வரும் பணம் கடனடைப்புக்கே போகும் என்பதைப் பங்குக்காரர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரீமியர் கொடுத்த 23.1 கோடி டாலர் ரொக்கம் என்னவாயிற்று? இங்கேதான் நிர்வாகத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது. 2014இல் மெடிட்டரேனியன் ஆயில் அண்ட் காஸ் என்ற கம்பெனியை வாங்கினார்கள், அதோடு இத்தாலிக் கடலோரத்தில் ஓம்ப்ரினா மாரே வயல் வந்தது. கடற்கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் புதிய உற்பத்தி கூடாது என்று இத்தாலி சட்டம் கொண்டுவந்ததால் 2016இல் உரிமம் மறுக்கப்பட்டது. நடுவர் மன்றத்தில் வழக்கு போட்டு 2022 ஆகஸ்டில் 19 கோடி யூரோவும் வட்டியும் என்று தீர்ப்பு வாங்கினார்கள். பங்கு எகிறியது. 2025 ஜூனில் அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. (கெய்ர்னும் இந்தியாவில் 2012இன் முன்தேதி வரிச் சட்டத்தில் மாட்டி, 2020இல் தீர்ப்பு வாங்கி, 2022இல்தான் ஏறத்தாழ 7,900 கோடி ரூபாய் திரும்பப் பெற்றது. நடுவர் மன்றத் தீர்ப்பைப் பணமாகக் கருதிப் பங்கு வாங்குபவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.) எகிப்தில் அபு சென்னானில் 22 சதவீதம் வாங்கி 2020இல் விற்றார்கள், அது அன்றாடச் செலவுக்கு உதவியது, அவ்வளவே. 2015இல் எரிக் ரவுடே ரிக்கைக் கொண்டு செபடி, ஐசபெல் டீப் கிணறுகளில் எண்ணெய் கண்டார்கள். ரிக்கில் தொடர் கோளாறு, 2016 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்தார்கள். அதே நேரத்தில் ஃபோக்லாந்து ஆயில் அண்ட் காஸ் கம்பெனியை முழுக்க முழுக்கப் பங்காகக் கொடுத்து இணைத்துக்கொண்டார்கள். பரப்பு கூடியது, பழைய பங்குக்காரரின் விகிதம் குறைந்தது.

அர்ஜென்டினா விஷயம் பலர் நினைப்பதுபோல் பெரிய தடை இல்லை. பிரிட்டன் வசமுள்ள இந்தத் தீவுகள் தன்னுடையவை என்று உரிமை கோரும் அந்த நாடு, 2011இலும் 2013இலும் சட்டம் போட்டு இங்கே தேடும் கம்பெனிகளுக்குத் தடையும் தண்டனையும் விதித்திருக்கிறது. கிணறு தோண்டுவதை அது நிறுத்தவில்லை. ஆனால் அர்ஜென்டினாவில் வியாபாரம் உள்ள எந்தப் பெரிய எண்ணெய் கம்பெனியும், சேவைக் கம்பெனியும், வங்கியும் தயங்கும். கூட்டாளி தேடும் வட்டம் அதனால்தான் சுருங்கியது. தீவு அரசின் விதிமுறை தாராளமானது: ராயல்டி 9 சதவீதம், நிறுவன வரி 26 சதவீதம்.

அந்த வரியிலும் ஒரு முள் உண்டு. பிரீமியருக்குப் பங்கு விற்றதில் கிடைத்த ஆதாயத்துக்கு வரி எவ்வளவு என்று தீவு அரசோடு இழுபறி நடந்து, சுமார் 6 கோடி பவுண்டு என்று முடிவானது. உடனே கட்ட வேண்டாம், முதல் ராயல்டி கட்டும் காலத்தில் கட்டலாம், கம்பெனி கைமாறினால் அப்போதே கட்ட வேண்டும். அதாவது யாராவது ராக்ஹாப்பரை மொத்தமாக விலைக்கு வாங்க வந்தால், இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்கள். ‘பெரிய கம்பெனி வந்து வாங்கிக்கொள்ளும்’ என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குறிப்பைப் படித்திருப்பதில்லை.

இப்படிப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையை முன்னிருந்து படிக்காதீர்கள், பின்னிருந்து படியுங்கள். முன்பக்கத்தில் கடல், ரிக், சூரிய அஸ்தமனம். பின்பக்கக் குறிப்புகளில்தான் சரக்கு. முதலில் ‘கோயிங் கன்சர்ன்’ குறிப்பு: பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறதா, தணிக்கையாளர் சந்தேகம் எழுப்பியிருக்கிறாரா? அடுத்து கையிருப்பை வருடச் செலவால் வகுங்கள். 80 லட்சம் டாலர் கையில், அலுவலகச் செலவு 40 லட்சம், உரிமக் கட்டணம் முதலியவை 20 லட்சம் என்றால் பதினாறு மாதம். சின்ன கம்பெனிகள் பணம் தீரும்வரை காத்திருப்பதில்லை, ஆறேழு மாதம் முன்பே பங்கு விற்கும். ஆக உங்களுக்கு இருப்பது ஒன்பது பத்து மாதம். அந்த இடைவெளிக்குள் கிணறோ கூட்டாளியோ வராவிட்டால், குறைந்த விலையில் புதுப் பங்கு வரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு உரிம அட்டவணை. எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை என்ன? ‘ஒரு கிணறு’ என்று இருந்து, முடிய ஒரு வருடம் இருந்து, ரிக் ஒப்பந்தமும் இல்லையென்றால் ஒன்று நீட்டிப்பு கேட்பார்கள் அல்லது உரிமத்தை விட்டுவிடுவார்கள். விட்டால் இதுவரை செலவழித்துச் சொத்தாகக் காட்டிய தொகை முழுதும் ஒரே வரியில் நஷ்டமாக எழுதப்படும். கடைசியாக நிர்வாகிகளின் ஊதியப் பக்கம். வாரண்ட், ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) எத்தனை, எந்த விலையில்? 2022இல் ராக்ஹாப்பர் பங்கோடு வாரண்டும் சேர்த்துத்தான் விற்றது. பங்கு ஏறினால் வாரண்டுகள் பங்காகும், ஏற்றத்தின் ஒரு பகுதி அங்கே கரையும்.

யாருக்கு இது ஏற்றது? கிணறு தோண்டும் முன் வாங்கி, முடிவு வரும் முன் பாதியை விற்றுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சின்ன தேடல் கம்பெனிகளில் இடம் உண்டு. ராக்ஹாப்பர் இப்போது அந்த வகையே இல்லை. தேடல் பெயர்ப்பலகையோடு இருக்கும் கட்டுமானத் திட்டப் பங்கு இது. இனி பார்க்க வேண்டியது பாறையை இல்லை: உற்பத்திக் கப்பலைச் சீரமைக்கும் கால அட்டவணை, கிணறுகள் எத்தனை நாளில் முடிகின்றன, காப்புறைக் குழாய் எப்போது கடலில் இறங்குகிறது, நாவிடாஸின் சொந்த நிதிநிலை. ஒரே வயல், ஒரே கூட்டாளி, ஒரே கப்பல் என்பதால் மூன்றில் எது தட்டினாலும் ஈடுகட்ட வேறு வருமானம் இல்லை. ஒவ்வொரு அரையாண்டு அறிக்கையிலும் முதல் எண்ணெய்த் தேதியைக் குறித்துவைத்து, முந்தைய அறிக்கையில் இருந்ததோடு ஒப்பிடுங்கள். ஒரு காலாண்டு தள்ளினால் பொறுக்கலாம். காரணம் சொல்லாமல் ‘2028’ என்பது ‘2028 இறுதி’ ஆகி, பிறகு ‘2029’ ஆனால், நாவிடாஸிடம் வாங்கும் கடனும் அதே வேகத்தில் ஏறியிருக்கும், குறிப்புகளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.